நான் முட்டாளான கதை

தைப்பொங்கலுக்கு ரெண்டு நாள் இருக்கேக்க மனிசி சொன்னா: "வாடைப் பக்கச் சுவரெல்லாம் பாசி. ஒருக்காத் தேய்ச்சு விடுங்கோவன்."

சரியெண்டு வாளியும் தும்புப் பிரஷ்சும் எடுத்துக்கொண்டு போனன். ரெண்டு இழுவை இழுத்திருப்பன்.

சுவர் கையோட வந்திட்டுது.

(பயப்பிடாதையுங்கோ, முழுச் சுவரும் இல்லை.)

செங்கட்டி வரிக்கு இடையில அடைச்சிருந்த சீமெந்து, ஒரு முழ நீளத்துக்கு அப்பிடியே கழண்டு வந்துது. அவிச்ச பனங்கிழங்கில தோல் உரியுமே, அந்த மாதிரி. அடுத்த வரியை நகத்தால நெம்பிப் பாத்தன். அதுவும் வந்துது. அதுக்கு அடுத்ததும்.

மூண்டு வருசத்துக்கு முன்னம் காசு குடுத்துச் செய்விச்ச வேலை. "இனி உங்கட பேரப்பிள்ளையளும் இதில கை வைக்கத் தேவையில்லை" எண்டு சொல்லிச் செய்து தந்த வேலை. (எனக்கு இன்னும் பேரப்பிள்ளையள் இல்லை. மகள் இப்பதான் ஏழாம் ஆண்டு படிக்கிறாள்.)

கோவம் எண்டால் அப்பிடி ஒரு கோவம். போனை எடுத்து நல்லா நாலு கேக்க வேணும் போல இருந்துது. ஆனால் கழண்ட துண்டைத் திருப்பிப் பாத்த உடன கோவம் குழப்பமா மாறீட்டுது. சீமெந்தில ஒரு வெடிப்பு இல்லை. நிலத்தில போட்டால் 'டிங்' எண்டு சத்தம் வருது. அவ்வளவு வைரம். ஆனால் அதின்ரை ரெண்டு பக்கத்திலயும் சிவப்பா ஒரு படை ஒட்டிக்கொண்டு இருக்கு.

செங்கட்டியின்ரை தோல்.

அதாவது சீமெந்து தோக்கேல்லை. பக்கத்தில இருந்த செங்கட்டிதான் தோத்திருக்கு.

இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளும். தேத்தண்ணி ஒண்டு ஊத்திக்கொண்டு வாங்கோ.

*

முதல்ல வீட்டைப் பற்றிச் சொல்லோணும்.

கிளிநொச்சி எண்ட ஊரே, யாழ்ப்பாணத்தில சனமும் நெருக்கமும் கூடிப்போச்சு, வேலையும் இல்லை எண்டு 1936 இல தொடங்கின குடியேற்றம். இரணைமடுக் குளத்துத் தண்ணியை நம்பிச் சனம் காடு வெட்டிக்கொண்டு வந்தது. பிறகு வந்த ஒரு கூட்டத்தோட எங்கட அப்பப்பாவும் உருத்திரபுரப் பக்கம் வந்து இறங்கினவர். முதல்ல மண்வீடு. வயல் நல்லா விளைஞ்ச ஒரு வருசம் கல்வீடு. செங்கட்டி ஊர்ச் சூளையில சுட்டது. சாந்து, சுண்ணாம்புச் சாந்து.

அப்ப சீமெந்து இல்லையோ எண்டு கேப்பியள். இருந்தது. காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1950 இலயே தொடங்கீட்டுது. (1990 இல யுத்தத்தோட நிண்டும் போச்சு. அது வேற கதை.) ஆனால் அப்பப்பா சீமெந்தை நிலத்துக்கு மட்டும்தான் வாங்கினவராம். "சரியான கசவாரம்" எண்டு அப்பம்மா கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டு இருந்தவ. இப்ப யோசிச்சால் அந்தக் கசவாரத்தனம்தான் சுவரைக் காப்பாத்தி வச்சிருக்கு.

2008 இல இடம்பெயர்ந்து, எங்கெங்கயோ திரிஞ்சு, மெனிக் பாம் முகாமில இருந்து 2010 இல திரும்பி வந்து பாத்தால் ஓடு இல்லை. தீராந்தி இல்லை. கதவு, யன்னல் ஒண்டும் இல்லை. சுவர் மட்டும் நிக்குது. தலையில ஒண்டும் இல்லாமல் மாரி மழையில நனைஞ்ச சுவர்.

சுவருக்கு உச்சி நனையக்கூடாது. மேலால இறங்கிற தண்ணி சுண்ணாம்பைக் கரைச்சுக்கொண்டு கீழ வரும். எங்கட சுவரில அப்பவே சில இடத்தில கல்லிடுக்குக்குள்ள விரல் போகும்.

திரும்ப ஓடு போடக் காசில்லை. சீற் போட்டம். பழைய ஓட்டுக்கூரைக்கு ரெண்டரை அடித் தாழ்வாரம் வெளியில நிண்டது. சீற் செலவைக் குறைக்க வேணும் எண்டு அதை ஒரு அடிக்குக் குறைச்சது ஆர்?

நான்தான். (இதை ஞாபகத்தில வச்சிருங்கோ. கடைசியில வரும்.)

*

எங்கட பக்கத்தை "உலர் வலயம்" எண்டு பள்ளிக்கூடத்தில படிப்பிச்சவை. வருசத்தில முக்கால்வாசிக்கு அது சரி. ஒக்டோபர் நடுவில இருந்து ஜனவரி வரைக்கும் அந்தப் பாடப் புத்தகத்தைக் கொண்டுவந்து வெளியில வச்சுப் பாருங்கோ, உலருதோ எண்டு.

வன்னி மழை மேல இருந்து விழுகிற மழை இல்லை. வாடைக்காத்தோட குறுக்கால வாற மழை. நீங்கள் குடை பிடிச்சாலும் முழங்காலுக்குக் கீழ நனையும் பாருங்கோ, அதுதான் சுவருக்கும் நடக்கிறது.

புயலும் எங்களுக்குப் புதுசில்லை. 1964 டிசம்பரில தனுஷ்கோடியை அழிச்ச அந்தப் புயல், அதுக்கு முதல் வவுனியாவால போனது. பேர் வைக்கத் தொடங்கின பிறகு பாத்தால், 2008 இல நிஷா. 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையில கரையேறின புரெவி. 2025 நவம்பர் கடைசியில டித்வா. பேரே இல்லாமல் வந்த 2018 டிசம்பர் வெள்ளமும் இருக்கு. இரணைமடு வான் கதவெல்லாம் திறந்து, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கிக் கிடந்த கிழமை.

சரி, இந்த மழையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மழைக்குப் பிறகு வாற வெயிலும் கூட்டுக்களவாணிதான். தையோட மழை நிக்கும். வைகாசிக்குப் பிறகு கச்சான் காத்து, உடம்பில இருக்கிற தண்ணியையே உறிஞ்சிக்கொண்டு போகும். சுவர் மூண்டு மாசம் குடிக்கும், ஒன்பது மாசம் கக்கும். கக்கேக்க தண்ணியோட உப்பும் வெளியில வரும். தண்ணி காத்தில போயிடும். உப்பு அங்கயே நிண்டு பூக்கும்.

வெளியில வெள்ளையாப் பூத்தால் பரவாயில்லை, கூட்டி விடலாம். கல்லுக்குள்ள பூத்தால்தான் ஆபத்து. உப்பு மணி பெருக்கேக்க கல்லின்ரை முகத்தை உள்ள இருந்து தள்ளும். முகம் பொருக்காக் கழண்டு விழும். குளிர் நாடுகளில தண்ணி உறைஞ்சு செய்யிற வேலையை எங்கட பக்கம் உப்பு செய்யுது.

*

இப்ப என்ரை புத்திசாலித்தனத்தைக் கேளுங்கோ.

சீமெந்து கழண்டிட்டுது. அப்ப என்ன அர்த்தம்? வலு காணாது! இன்னும் வலுவாப் போடோணும்! (இப்பிடித்தான் என்ரை மூளை வேலை செய்தது.)

கடையில கேட்டன். "ஒண்டுக்கு மூண்டு போடுங்கோ அண்ணை, அசையாது" எண்டு ஒரு பெடியன் சொன்னான். ஒரு பக்கெற் சீமெந்து வாங்கிக்கொண்டு வந்து கொட்டிலுக்குள்ள வெறும் நிலத்தில வச்சன். பேந்து கிரைண்டர் ஒண்டு இரவல் வாங்கி, மிச்சமாய் ஒட்டிக்கிடந்த சீமெந்தை வெட்டுவம் எண்டு வெளிக்கிட்டன்.

பதினைஞ்சு நிமிசம்.

அதுக்குள்ள நாலு செங்கட்டியின்ரை விளிம்பைக் கீறிப்போட்டன். அறுவது வருசத்துக்கு மேல நிண்ட கல்லு. யுத்தம் செய்யாத காயத்தை நான் செய்தன். அந்த நாலு கீறலும் இப்பவும் இருக்கு, வந்தால் காட்டுறன். தூசு வேற, ஒழுங்கை முழுக்கச் சிவப்பு.

அந்தத் தூசைப் பாத்துத்தான் பக்கத்து வளவு அப்பு படலையடிக்கு வந்தவர். அந்தக் காலத்து மேசன். வயசு எண்பதுக்கு மேல. இப்ப சாந்தகப்பையைத் தொடுறதில்லை, கண் சரியில்லை. ஆனால் வாய் சரியா இருக்கு.

"என்ன மோனை, வீட்டை அரியிறியோ?"

சொன்னன். ஒண்டுக்கு மூண்டு போடப் போறன் எண்டும் பெருமையாச் சொன்னன்.

கொஞ்ச நேரம் ஒண்டும் பேசேல்லை. பிறகு என்ரை காலைக் காட்டினார்.

"செருப்புத் தேயுறது நல்லதோ, கால் தேயுறது நல்லதோ?"

"செருப்புத்தான் அப்பு."

"அப்ப ஏன் இரும்பில செருப்புத் தைக்கிறாய்? செருப்புத் தேய்ஞ்சால் மாத்தலாம். கால் தேய்ஞ்சால் எந்தக் கடையில வாங்குவாய்?"

அவ்வளவுதான். ஒரு நிமிசத்தில முடிஞ்சுது என்ரை எஞ்சினியரிங்.

இடுக்கில இருக்கிற சாந்து, கல்லை விட மெதுவா இருக்கோணும். சுவர் குடிச்ச தண்ணி சாந்தால வெளியில போகோணும். உப்பும் சாந்துக்குள்ள பூக்கோணும். சாந்து உதிரும், உதிரட்டும், அது உதிரத்தான் இருக்கு. முப்பது நாப்பது வருசத்துக்கு ஒருக்காச் சுரண்டி எடுத்துப் புதுசு வைக்கலாம். அந்த வழியைச் சீமெந்தால அடைச்சால் தண்ணி என்ன செய்யும்? செங்கட்டியால வரும். செங்கட்டி உதிரும். சீமெந்து மட்டும் வெறும் சட்டம் மாதிரித் தனிய நிக்கும். பிறகு ஒரு நாள் ஒருத்தன் பொங்கலுக்குச் சுவர் தேய்க்க வருவான்.

(பிறகு நெற்றில தேடிப் பாத்தன். வெள்ளைக்காரர் இதே பாடத்தை எங்களை விடக் கூடச் செலவழிச்சுப் படிச்சிருக்கினம். பழைய கட்டடங்களைப் பாதுகாக்க எண்டு வில்லியம் மொறிஸ் 1877 இல இங்கிலாந்தில ஒரு சங்கம் தொடங்கினவர். அவை இண்டைக்கும் சுண்ணாம்பு, சுண்ணாம்பு எண்டுதான் கத்திக்கொண்டு இருக்கினம். அமெரிக்காவின்ரை தேசியப் பூங்காச் சேவை கல்லிடுக்குச் சாந்து மாத்திறதுக்கெண்டே ஒரு கைநூல் போட்டிருக்கு. சாந்து கல்லை விட மெதுவா இருக்கோணும் எண்டது அதிலயும் இருக்கு. செருப்புக் கதை மட்டும் இல்லை.)

*

அண்டையில இருந்து அப்பு மேசன், நான் முட்டாள்.

தமிழ்நாட்டில இருந்து வாசிக்கிறவைக்கு ஒரு விளக்கம். எங்கட பக்கம் மேசனுக்குச் சாந்து குழைச்சு, தாச்சியில அள்ளிக் குடுத்து, கல்லுத் தூக்கிக் குடுக்கிற ஆளுக்கு "முட்டாள்" எண்டுதான் பேர். மேசனோட முட்டாள் வேலைக்குப் போறன் எண்டு ஆக்கள் வெக்கப்படாமல் சொல்லுவினம். என்ரை விசயத்தில ரெண்டு அர்த்தமும் பொருந்தும்.

அப்பு கதிரையில. நான் வெயிலில.

முதல் உத்தரவு: "ஒண்டும் செய்யாதை."

தை மாசம் சுவர் இன்னும் ஈரம். உள்ள ஈரத்தை வச்சுக்கொண்டு வெளியில அடைச்சால் பழைய கதைதான். மாசி பிறந்து வெயில் கொஞ்சம் ஏறட்டும், கச்சான் தொடங்க முதல் முடிச்சுப்போடோணும் எண்டார். மாசி பங்குனிதான் எங்கட பக்கத்துக்கு இந்த வேலைக்குச் சரியான காலம். பிரச்சினை என்னெண்டால், அதுதான் காலபோக வெட்டுக் காலமும். சுவர் காயேக்க மேசன்மார் வயலுக்குள்ள. மேசன்மார் வரேக்க கச்சான். வன்னியில பாதிச் சுவர் பழுதாப் போறதுக்கு இந்தக் கலண்டர்தான் காரணம் எண்டு நினைக்கிறன்.

காத்திருந்த ஒரு மாசத்தில கொட்டிலுக்குள்ள வச்ச சீமெந்து கட்டி பட்டிட்டுது. நிலத்தில வச்சால் ஓதம் ஏறும் எண்டு தெரியாதோ? தெரியும். எல்லாம் தெரிஞ்சுதான் செய்யிறனாங்கள். கால் பக்கெற் போச்சு.

ரெண்டாவது உத்தரவு: சுரண்டு.

கிரைண்டருக்குத் தடை. ஒரு தடியில நாலு அங்குல ஆணி அடிச்சு, தலையை வெட்டி வளைச்சுத் தந்தார். அதால இழுக்க, கரைஞ்ச பழைய சுண்ணாம்பு பொலபொல எண்டு கொட்டும். இடுக்கின்ரை அகலத்தைப் போல ரெண்டு ரெண்டரை மடங்கு ஆழம் போகோணும். எங்கட இடுக்கு அரை அங்குலம். அப்ப ஒரு அங்குலம், ஒண்டே கால். மேலோட்டமாச் சுரண்டிப்போட்டுப் பூசினால் அது வெறும் பவுடர் பூச்சு. (மூண்டு வருசத்துக்கு முன்னம் எனக்கு நடந்தது அதுதான். கழண்ட சீமெந்தின்ரை தடிப்பு என்ரை சுண்டு விரல் அளவும் இல்லை.)

இன்னும் இறுக்கமா ஒட்டியிருந்த சீமெந்தை என்ன செய்யிறது எண்டு கேட்டன். "விடு. அதைக் கிளப்பப் போய்க் கல்லை உடைக்காதை. அது தானாக் கழருற காலத்தில பாப்பம்."

சுரண்டேக்க வந்த சாமான்களின்ரை கணக்கு: குளவிக்கூடு பதினொண்டு. பல்லி முட்டை எண்ணேல்லை. தேள் ஒண்டு (நான் கத்தின சத்தத்தில அப்பு கதிரையால எழும்பீட்டார்). ஒரு ஆலங்கண்டு. அதை இழுத்துப் பிடுங்க வேண்டாம், அடியோட வெட்டி விடு, இழுத்தால் வேரோட கல்லும் வரும் எண்டார்.

யன்னலுக்குப் பக்கத்தில, இடுக்குக்குள்ள, ஒரு சன்னம்.

ஆணியில 'கிறீச்' எண்டு பட்டுது. தோண்டி எடுத்துக் கையில வச்சுப் பாத்தம். அப்பு ஒண்டும் சொல்லேல்லை. நானும் சொல்லேல்லை. கல்லுக்குப் படாமல் சாந்துக்குள்ள போய் நிண்டிருக்கு. மெதுவான சாந்து. மகள் கேட்டாள், இது என்னப்பா எண்டு. பிறகு சொல்லுறன் எண்டன்.

*

மூண்டாவது, மண். (சீமெந்து வேலையில நாங்கள் மண் எண்டால் மணல்.)

முல்லைத்தீவுப் பக்கம் கரையோரத்தில கடல் மண் கையுக்குக் கிட்டக் கிடக்கு. ஆசை வரும். வேண்டாம். உப்பைக் காசில்லாமல் வாங்கிச் சுவருக்குள்ள வைக்கிற வேலை அது. அந்த உப்பு காத்தில இருக்கிற ஈரத்தையும் இழுக்கும். கோடையிலயும் சுவர் வேர்க்கும்.

ஆத்து மண் எண்டாலும் சேறு இருக்கும். அதுக்கு ஒரு சோதனை. கண்ணாடிப் போத்தலில பாதிக்கு மண், மிச்சத்துக்குத் தண்ணி, ஒரு கரண்டி உப்பு. குலுக்கி வச்சிட்டுக் காலமை பாருங்கோ. மண் அடியில நிக்கும், சேறு மேல தனிப் படையா நிக்கும். அந்தச் சேற்றுப் படை மண்ணின்ரை உயரத்தில நூற்றுக்கு எட்டுக்கு மேல போனால் கழுவோணும், இல்லாட்டி வேற மண் எடுக்கோணும். என்ரை முதல் போத்தலில சேறு ரெண்டு விரல் தடிப்பு. அது மண் இல்லை, வயல்.

நாலாவது, சுண்ணாம்பு.

அப்பம்மா காலத்தில சுட்ட சுண்ணாம்புக் கட்டியைக் கிடங்கில போட்டு நீத்துறது. அது கொதிக்கிற கொதிப்பு, பக்கத்தில போகேலாது. (எங்கயும் கட்டிச் சுண்ணாம்பு கிடைச்சால் தண்ணிக்குள்ள சுண்ணாம்பைப் போடுங்கோ, சுண்ணாம்புக்கு மேல தண்ணியை ஊத்தாதையுங்கோ. கண்ணில தெறிச்சால் பார்வை போயிடும்.) முருகைக்கல்லை எடுத்துச் சுடுறதுக்கு இப்ப கரையோரத்தில தடை. அதுவும் சரிதான், கடலுக்கும் ஒரு சுவர் வேணும்.

நான் வாங்கினது கடையில விக்கிற நீத்தின சுண்ணாம்புத் தூள். ஒரு இரவு தண்ணியில ஊறவிட்டால் தயிர் மாதிரி வரும். அப்பு விரலால தொட்டுப் பாத்திட்டு "வெத்திலைக்கு ஆகும்" எண்டார். அது பாராட்டு.

கலவை: சீமெந்து ஒண்டு, சுண்ணாம்பு ரெண்டு, மண் ஒன்பது. எங்கட செங்கட்டி மாதிரி மெதுவான கல்லுக்கு இதுக்கு மேல வலு வேண்டாம். கல்லு நல்லா வேகி வைரமா இருந்தால் ஒண்டுக்கு ஒண்டுக்கு ஆறு போகலாம். பழைய கோட்டை கோயில் சுவரெண்டால் சீமெந்தே கூடாது, ஒண்டுக்கு மூண்டு சுண்ணாம்பும் மண்ணும்தான். யாழ்ப்பாணக் கோட்டையின்ரை முருகைக்கல்லுச் சுவரைப் போய்ப் பாருங்கோ, சுண்ணாம்புச் சாந்துதான் பிடிச்சுக்கொண்டு நிக்குது.

அளவுக்கு ஒரே வாளி. "கையால ஒரு அள்ளு, கரண்டியால ஒரு அள்ளு" எண்ட கணக்குக் கூடாது. தண்ணி குறைவு. உருட்டினால் உருண்டையா நிக்கோணும், சுவரில வழியக்கூடாது. சீமெந்து சேர்ந்த கலவையை ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள முடிச்சுப்போடோணும். இறுகினதுக்குத் தண்ணி விட்டுத் திரும்பக் குழைக்கிறதைக் கண்டால் அப்பு பொல்லை எடுப்பார். கொஞ்சம் கொஞ்சமாக் குழை எண்டு சொல்லுறது அதுக்குத்தான்.

*

முதல் நாள் ஒரு யார் நீளம் செய்தன். மத்தியான வெயில். சுவருக்கு வடிவாத் தண்ணி காட்டேல்லை. காஞ்ச செங்கட்டி, சாந்தில இருந்த தண்ணியை ஒரே இழுவையில குடிச்சுப்போட்டுது. பின்னேரம் பாத்தால் சாந்து முழுக்க மயிர் வெடிப்பு. விரலால தொட, மா மாதிரி உதிருது.

எல்லாத்தையும் சுரண்டி எடுத்தன். முட்டாள் வேலை எண்டால் சும்மாவோ?

ரெண்டாவது தரம் அப்பு சொன்ன மாதிரி. முதல் நாள் பின்னேரம் சுவருக்குத் தண்ணி. விடிய ஒருக்காத் தெளிப்பு. சுவர் ஈரமா இருக்கோணும், ஆனால் மினுங்கக்கூடாது. வெயில் வாடைப் பக்கத்தால விலகின பிறகு வேலை. சாந்தகப்பை இடுக்குக்குள்ள போகாது. அதால பழைய மேசைக்கத்தி ஒண்டை எடுத்தன் (மனிசிக்கு இது இண்டைக்குத்தான் தெரியப்போகுது). ஒரே தரமா அடைக்கிறதில்லை. கால் அங்குலப் படை. அதை அமத்தி இறுக்கு. கட்டைவிரல் பதியாத அளவுக்கு இறுகினால் அடுத்த படை. ஆழத்தில வெறும் பொந்து விட்டால் அதுக்குள்ள தண்ணி குடியிருக்கும்.

கடைசிப் படை முடிய, அரை அங்குலக் குழாய்த் துண்டொண்டை வச்சு இடுக்கு வழிய இழுக்கோணும். சாந்து இறுகும், லேசா உள் வளைஞ்சு நிக்கும், மழைத்தண்ணி நிக்காமல் வழிஞ்சு போகும். வடிவுக்கெண்டு ஆழமா உள்ளுக்குத் தள்ளிக் கோடு பிடிக்கிற பாஷன் ஒண்டு இப்ப வந்திருக்கு. போட்டோவுக்கு நல்லா இருக்கும். எங்கட மழைக்கு, ஒவ்வொரு கல்லுக்கும் தலையில ஒரு தண்ணித் தொட்டி கட்டின மாதிரி.

வெளியால கல்லில பிரண்ட சாந்தை அண்டைக்கே தும்புப் பிரஷ்சால தட்டி எடுக்கோணும். நாளைக்கு எண்டு விட்டால் அது நிரந்தரம்.

பிறகு சாக்கு. நனைச்ச சாக்கைச் சுவரில தொங்கவிட்டு ஒரு கிழமை ஈரம் காக்கோணும். சுண்ணாம்பு காத்தைக் குடிச்சு மெல்ல மெல்லத்தான் கல்லாகும், அவசரப்படுத்தேலாது. காலமை, மத்தியானம், பின்னேரம் தெளிப்பு. பக்கத்து வீட்டு மாமியின்ரை ஆடு ரெண்டு சாக்கைத் திண்டிட்டுது. மாமியோட அதால ஒரு கொழுவல். அதையும் செலவுக் கணக்கில சேருங்கோ.

*

"உப்பிடி மினக்கெடாமல் சுவரை முழுக்கச் சீமெந்தால பூசி விடலாமே?" எண்டு கேட்டவை ஏழு பேர். (எண்ணினனான்.)

ஈரச் சுவருக்கு மழைக்கோட்டுப் போட்டால் உள்ள வேர்க்கும். ரெண்டு மாரிக்குள்ள பூச்சு வயிறு ஊதி நிக்கும். தட்டிப் பாருங்கோ, 'டொக்' எண்டு வெறும் சத்தம் கேக்கும். ஊரில இப்பிடி எத்தினை வீடு எண்டு எனக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் எல்லாச் சுவருக்கும் இந்தச் சுண்ணாம்பு மருந்தில்லை. யுத்தத்துக்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில அஞ்சரை லட்சம் ரூபாயில கட்டின வீடுகள் கனக்க, சீமெந்துக் கல்லில கட்டினது. காசு முடிஞ்சு வெளிப்பூச்சுப் பூசாமல் விட்ட சுவரும் அதில இருக்கு. அங்கயும் வாடைப் பக்கத்து இடுக்கு அரிச்சுப்போய் இருக்கும். அந்தக் கல்லே சீமெந்துதான், அதுக்குச் சீமெந்துச் சாந்து பொருந்தும். ஒண்டுக்கு அஞ்சு ஆறு, கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்தால் இன்னும் நல்லது. சட்டம் ஒண்டுதான்: சாந்து கல்லைத் தாண்டி வைரமா இருக்கக்கூடாது.

(65,000 இரும்பு வீடு தாறம் எண்டு ஒரு திட்டம் வந்து, எங்களுக்குக் கல்வீடுதான் வேணும் எண்டு சனம் நிண்டது ஞாபகம் இருக்கோ? கல்வீடு கேட்டது சரி. கல்வீட்டைப் பாக்கத் தெரியாமல் போனதுதான் பிழை.)

வவுனியாவில இருந்து அனுராதபுரம் எட்டின தூரம். அங்க ஜேதவனாராமய எண்டு ஒரு தூபி நிக்குது. ஏறத்தாழ ஒன்பது கோடி முப்பது லட்சம் செங்கட்டி. ஆயிரத்து அறுநூறு வருசத்துக்கு மேலயான வேலை. ஒரு பக்கெற் சீமெந்து இல்லை. இதை அப்புவுக்குச் சொன்னன். "அப்ப அதைக் கட்டினவைக்கு எத்தினை முட்டாள் நிண்டிருப்பினம்" எண்டு கேட்டார்.

*

சித்திரையில ஒரு மழை அடிச்சுது. இடியோட, ஒரு மணித்தியாலம். குடையைப் பிடிச்சுக்கொண்டு போய்ச் சுவரைப் பாத்தன். (மனிசி உள்ள இருந்து சொன்னதை இதில எழுதேலாது.) சாந்து நிக்குது. அடுத்த நாள் கல்லு முகம் காய முதல் இடுக்கு ஈரமா இருந்துது, பிறகு அதுவும் காஞ்சுது. தண்ணி சாந்தால போகுது. அப்பு சொன்னது அதுதான்.

ஆனால் சுவரின்ரை கீழ் ரெண்டடி வேற மாதிரி. கூரையால விழுகிற தண்ணி நிலத்தில அடிச்சுச் சுவருக்குத் தெறிக்குது. எவ்வளவு நல்ல சாந்து வச்சாலும் தெறிக்கிற இடத்தில அது கரையும். காரணம் ஒரு அடித் தாழ்வாரம். அதைக் குறைச்சவன் ஆர் எண்டு மேல சொல்லியிருக்கிறன்.

அப்புவுக்கு அது முதல் நாளே தெரிஞ்சிருக்கு. ஏன் சொல்லேல்லை எண்டு கேட்டன்.

"முட்டாள் தானாக் கண்டுபிடிக்கட்டும் எண்டு."

இப்ப ஐப்பசிக்கு முதல் சீற்றை ஒண்டரை அடி நீட்டி, ஒரு பீலியும் போடக் காசு சேர்க்கிறன். அதை முதலே செய்திருந்தால் சுவர் வேலையில பாதி மிஞ்சியிருக்கும். உங்களுக்கும் அதுதான் சொல்லுறன்: சாந்தைப் பாக்க முதல் தண்ணி எங்கால வருகுது எண்டு பாருங்கோ. கூரை, பீலி, வாய்க்கால். பிறகு சுவர்.

ஒரு சின்ன வேலை செய்யுங்கோ. நாளைக்கு வேலையால வந்து கதவைத் திறக்கிறதுக்கு முதல், திறப்பைக் கையில வச்சுக்கொண்டு வாடைப் பக்கச் சுவருக்குப் போங்கோ. ஒரு இடுக்கில திறப்பு நுனியால லேசாச் சுரண்டுங்கோ. ஒண்டும் கொட்டாட்டி நிம்மதியா உள்ள போங்கோ. திறப்பு உள்ள போனால், ஐப்பசி வர முதல் ஒரு மேசனைப் பிடியுங்கோ. மேசன் கிடைக்காட்டிச் சொல்லுங்கோ, முட்டாள் வேலைக்கு நான் வாறன்.